கில்லார்னி ஏரியில் ஒரு நாள்: இரணைமடுக்காரன் போட்ட புள்ளி

கிளிநொச்சியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய்வருகிற தாய்தகப்பன்மார் கொண்டுவருகிற கதை பெரும்பாலும் ஒன்றுதான். பாரிஸ் என்றால் லாச்சப்பல், லண்டன் என்றால் ஈலிங் அம்மன், சுவிஸ் என்றால் பனிமலை. அயர்லாந்துக்குப் போய் வந்தவர் எங்கள் பக்கத்தில் குறைவு. மகள் டப்ளினில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறபடியால் நானும் மனிசியும் ஒரு கோடைகாலம் அங்கே நின்றோம். அந்த நாட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கெரி மாவட்டத்துக் கில்லார்னி ஏரிகளைத்தான். மலை இடுக்கு வழியாக நடந்துபோய், அந்தப் பக்கத்தில் வள்ளம் ஏறி, மூன்று ஏரியைக் கடந்து கோட்டையடியில் இறங்குகிற ஒரு நாள் பயணம் அங்கே இருக்கிறது. அதற்கு என் புள்ளி பத்துக்கு எட்டு. வெட்டின இரண்டு புள்ளிக்கும் காரணம் சொல்வேன்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவன். தண்ணீரைக் கண்டால் எனக்கு வடிவு பார்க்க வராது. எத்தனை அடி நிற்கிறது, கட்டு எங்கே, தண்ணீர் திறந்துவிடுகிற துருசு எங்கே, மிஞ்சின தண்ணீர் பாய்கிற வான் எங்கே என்றுதான் கண் போகும். படத்துக்குப் போஸ் கொடுக்க எந்த இடம் நல்லது என்று அறிய வேண்டுமென்றால் இதை வாசித்துப் பயனில்லை.

கில்லார்னியில் ஏரி மூன்று: மேல் ஏரி, மக்ரொஸ் ஏரி, லொக் லீன். மூன்றிலும் பெரியது லொக் லீன், ஏறக்குறைய 19 சதுர கிலோமீற்றர். மக்ரொஸ் பரப்பில் அதிலும் சின்னது, ஆழத்தில் பொல்லாதது. 75 மீற்றர் வரை போகிறது. 36 அடிக்கு எங்கள் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறந்தால் பார்க்க ஊரே திரண்டு போகிற எங்களுக்கு அந்த ஆழம் மனக்கணக்கில் அடங்காது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் கட்டு இல்லை, அலைகரை இல்லை. முன்னொரு காலத்தில் பனியாறுகள் மலையைச் சுரண்டிக்கொண்டு போனபோது தோண்டிவிட்ட பள்ளங்கள் அவை. மேல் ஏரித் தண்ணீர் ஓடை வழியே கீழிறங்கி, கடைசியில் லொக் லீனிலிருந்து லோன் ஆறாகக் கடலுக்குப் போகிறது. மறிப்பதற்கு ஆளில்லை, திறந்துவிடச் சொல்லிச் சண்டை பிடிக்கவும் ஆளில்லை, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைப்பவரும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டுகிற மழையை மறித்து வைத்துத்தான் நாங்கள் ஆண்டு முழுக்கச் சீவிக்க வேண்டும். கெரியில் எல்லா மாதமும் மழை. மழைக்குப் பஞ்சமில்லாதவன் குளம் கட்டுவானா?

சரி, சேவைக்கு வருகிறேன்.

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும் கில்லார்னிக்கு. சில ரயில்களுக்கு மாலோ என்ற இடத்தில் இறங்கி மாற வேண்டும். மருமகன் தொலைபேசியிலேயே எல்லாம் பதிந்து தந்தார். பஸ்ஸுக்கும் வள்ளத்துக்கும் சேர்த்து ஒரே ரிக்கெட். காலையில் நகரத்திலிருந்து சின்ன பஸ்ஸில் ஏற்றி, கேற் கியர்னி குடில் என்கிற பழைய கடையடியில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து டன்லோ கணவாய் தொடங்குகிறது. பதினொரு கிலோமீற்றர் மட்டில் நடந்து, மறுபக்கத்தில் லோர்ட் பிராண்டன் குடிலடிக்குப் போனால், பிற்பகலில் வள்ளம் அங்கே காத்து நிற்கும். நடக்க ஏலாதவர்களுக்குக் குதிரை வண்டி உண்டு. அந்தக் காசு வேறாகக் கொடுக்க வேண்டும்.

முதல் புள்ளி வெட்டினது இந்தத் தொடக்கத்திலேயே. எங்களை ஏற்ற வேண்டிய பஸ் கனநேரம் பிந்தியது. ஒழுங்கு செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பிந்தினது பெரிய குறையில்லை, பஸ் பிந்தாத ஊரா எங்கள் ஊர்? ஒரு சொல் சொல்லியிருக்கலாம். றோட்டோரத்தில் தூறலுக்குள் நிற்கிற எங்களுக்கு உள்ள பயமெல்லாம் வள்ளம் விட்டுவிட்டுப் போய்விடுமே என்பதுதான். மனிசி இரண்டு நிமிசத்துக்கு ஒருக்கால் "இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு ஒருக்கா அடிச்சுக் கேளுங்கோவன்" என்று என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டா. பஸ் வந்தபோது சாரதி சிரித்த முகத்தோடு நல்ல காலநிலை என்றார். வள்ளம் எங்களுக்காக நிற்கும் என்பது அந்த மனிசனுக்குத் தெரியும். முன்னரே எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்களும் சிரித்திருப்போம்.

குதிரை வண்டிக்காரர்கள் அங்கே பரம்பரை பரம்பரையாக அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள். கதைகாரர்கள். ஏற முன்னரே விலை பேசிவிட வேண்டும், எதுவரை போவது என்பதையும் சேர்த்துத்தான். எங்களோடு பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் பேசாமல் ஏறி, பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினதைக் கண்டேன். யூரோவை ரூபாயாக்கிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டி வரும். முழங்கால் நோ உள்ளவர்கள் ஏற்றம் மட்டும் வண்டியில் போய், உச்சியில் இறங்கி மறுபக்கத்தை நடந்தால் போதும். நாங்கள் நடந்தோம். கடைசி யுத்தத்தில் கிளிநொச்சியிலிருந்து மாத்தளன் வரை தலையில் மூட்டையோடு நடந்த கால்களுக்கு, ஒழுங்கான தார் றோட்டில் கையை வீசிக்கொண்டு பதினொரு கிலோமீற்றர் ஒரு நடையா என்று மனிசி கேட்டா. ஆனாலும் உச்சிக்கு ஏறுகிற கடைசித் துண்டில் அவவுக்கும் மூச்சு வாங்கினது.

கணவாய் முழுக்கச் சின்னச் சின்ன நீர்நிலைகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. ஒரு பக்கம் மக்கிலிகடி மலைத்தொடர், மறுபக்கம் ஊதா மலை. நாட்டிலேயே உயர்ந்த கரன்டூஹில் அந்தத் தொடரில்தான் இருக்கிறது, ஆயிரத்துச் சொச்சம் மீற்றர். றோட்டில் ஆடுகள் படுத்துக் கிடக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் நீலமோ சிவப்போ பச்சையோ ஒரு பெயின்ற் அடையாளம். "உதுகளுக்கு ஆர் பெயின்ற் அடிச்சுவிட்டது?" என்று மனிசி நின்றுவிட்டா. வேலியில்லாத மலையில் எல்லாருடைய ஆடும் கலந்து மேய்கிறது, நிறத்தை வைத்துத்தான் சொந்தக்காரன் பிரிக்கிறான். எங்கள் மாட்டுக்குக் குறி சுடுகிறோமே, அதே வேலை. சூடு இல்லாமல் முடித்துவிடுகிறார்கள் என்று அவவுக்கு அதில் மெத்தப் பிடித்துவிட்டது. ஒரு ஆட்டுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தோலில் இல்லை, மயிரின் நுனியில்தான் நிறம் ஒட்டியிருக்கிறது. மயிர் வெட்டினால் அடையாளமும் போய்விடும், திரும்ப அடிக்க வேண்டும்.

வழியில் ஒரு கல்லுப் பாலம். அதில் நின்று நேர்ந்தால் நடக்குமாம். மனிசி கண்ணை மூடிக்கொண்டு நின்றா. என்ன கேட்டாய் என்று நான் கேட்கவில்லை, காணி விசயம் என்று தெரியும்.

உச்சி தாண்டி இறங்கினால் கறுப்புப் பள்ளத்தாக்கு. அயர்லாந்தில் மின்சாரம் கடைசியாகப் போன இடங்களில் அது ஒன்று, 1970களின் பிற்பகுதியில்தான் வந்ததாம். கூட நடந்த ஒரு ஜேர்மன்காரர் இதைப் பெரிய அதிசயமாக எனக்குச் சொன்னார். அவருக்கு நான் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொன்னேன். போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, மண்ணெண்ணெய் கொஞ்சமாய் விட்டு, சைக்கிள் வால்வு நுனியில் திரி வைத்து, என் பிள்ளைகள் அதில்தான் சாதாரண தரம் படித்து எடுத்தார்கள், லக்சபானா கரண்ட் எங்களுக்கு யுத்தம் முடிந்த பிறகுதான் வந்தது என்று. மனிசன் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு வால்வு எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார். என்ஜினியராம்.

லோர்ட் பிராண்டன் குடிலில் திறந்த வெளியில் வாங்கு போட்டுத் தேத்தண்ணி, சூப், பாண், கேக் விற்கிறார்கள். விலை நியாயம். தேத்தண்ணி எங்கள் சாயம் இல்லை, ஆனால் கை குளிர்ந்திருக்கும்போது அதற்குக் குறை சொல்ல மனம் வராது. மலசலகூடம் சுத்தம். கணவாயின் நடுவில் அந்த வசதி எதிர்பார்க்க வேண்டாம், தொடங்கும் இடத்திலேயே காரியத்தை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இனி வள்ளம். இதற்காகத்தான் எட்டுப் புள்ளி.

நீளமான திறந்த வள்ளம், பின்னால் என்ஜின். பன்னிரண்டு பேர் மட்டில் ஏற்றுகிறார்கள், அதற்கு மேல் ஒரு ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி. வள்ளக்காரர் தானே வந்து வாரை இழுத்துப் பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். மனிசி சேலைக்கு மேல் மழைக்கோட்டு, அதற்கு மேல் அங்கி. வார் ஏறவில்லை. அந்த மனிசன் சிரிக்கவுமில்லை, பரவாயில்லை என்று விடவுமில்லை, வேறொரு அங்கி கொண்டுவந்து கட்டிவிட்டார். குளத்தில் குளிக்கப் போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் கதை எங்கள் ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். இரணைமடுவில் நான் வேலை செய்த காலம் முழுக்க ஒரு அங்கியைக் கண்ணால் கண்டதில்லை.

தண்ணீர் நல்ல சாயம் விட்ட வெறும் தேத்தண்ணி நிறம். அழுக்கு இல்லை, மலையிலுள்ள பீற் என்கிற மக்கல் மண் ஊறி வருகிற நிறம். கையில் அள்ளினால் தெளிவாக இருக்கிறது. மேல் ஏரியில் தீவுத் தீவாகப் பாறைகள், பாறைக்கு மேல் ஸ்ட்ரோபெரி மரம் என்று சொல்கிற ஆர்புட்டஸ். அதைக் கடந்ததும் நீளமான ஓடை. வலப்பக்கமா இடப்பக்கமா நினைவில்லை, செங்குத்தாக ஒரு மலை, கழுகுக்கூடு என்று பெயர். வள்ளக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு சத்தம் போட்டார். மலை அதைத் திருப்பிச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த பிரபுக்களுக்கு இதே இடத்தில் எக்காளம் ஊதியும் பீரங்கி வெடித்தும் எதிரொலி காட்டினார்களாம். பீரங்கி எதிரொலியைக் காசு கொடுத்துக் கேட்க ஆள் வந்திருக்கிறது பாருங்கள். கழுகு இருக்கிறதா என்று கேட்டேன். வெள்ளைவால் கழுகு அந்த நாட்டில் அற்றுப்போய், 2007 இல் நோர்வேயிலிருந்து குஞ்சுகள் கொண்டுவந்து இந்தப் பூங்காவில் விட்டிருக்கிறார்கள். எங்களுக்குத் தரிசனம் கிடைக்கவில்லை.

ஓல்ட் வெயர் என்கிற பழைய பாலத்தடிக்கு வந்ததும் எல்லாரையும் இறங்கி நடக்கச் சொன்னார். அந்தக் கிழமை மழை குறைவு, தண்ணீர் வற்றியிருந்தது. எனக்கு இந்த இடத்தில்தான் பயணம் தொடங்கினது. இரண்டு வளைவுள்ள கல்லுப் பாலம், கீழே தண்ணீர் இரைந்துகொண்டு இறங்குகிறது, கல்லெல்லாம் வெளியே தெரிகிறது. வள்ளக்காரர் என்ஜினைத் தூக்கி உள்ளே சாய்த்துவிட்டு, துடுப்பைக் கையில் எடுத்து எழுந்து நின்றார். வள்ளத்தின் தலையை நீரோட்டத்தின் நடு நாக்கில் வைத்தார். பிறகு ஒன்றுமே செய்யவில்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அடி கல்லில் உரசுகிற சத்தம் கரையில் நின்ற எங்களுக்குக் கேட்டது. நடுவில் ஒரே ஒரு தரம் துடுப்பால் ஒரு பாறையை உதைத்தார், வள்ளம் ஒரு முழம் விலகிப் போனது. அந்த ஒரு முழம்தான் தொழில். ஆண்டுக்கணக்காக அந்தத் தண்ணீரோடு பழகாமல் அது வராது.

அதன்பிறகு மூன்று ஏரித் தண்ணீரும் சந்திக்கிற இடம், மக்ரொஸ் ஏரி, ஒரு ஒடுங்கிய பாலத்துக்குக் கீழால் நுழைந்து லொக் லீன். பெரிய ஏரிக்கு வந்தால் காற்று. தண்ணீர் முகத்தில் அடிக்கும், கமராவை உள்ளே வையுங்கள். மக்ரொஸ் பக்கத்து நிலமெல்லாம் முன்னர் மக்ரொஸ் மாளிகைக்காரரின் சொத்து. அதை 1932 இல் குடும்பமே அரசுக்குக் கொடுத்துத்தான் நாட்டின் முதல் தேசியப் பூங்கா உண்டானது. மனம் விரும்பிக் காணியை அரசுக்குக் கொடுத்த குடும்பத்தை நான் கேள்விப்பட்டது அங்கேதான்.

ஏரிக்குள் இனிஸ்ஃபாலன் தீவு. ஏழாம் நூற்றாண்டில் தொடங்கின மடம், இப்போது இடிந்த சுவர்தான் மிச்சம். அங்கிருந்த துறவிகள் எழுதிவைத்த ஆண்டுக் குறிப்புகள் அயர்லாந்து வரலாற்றுக்குப் பெரிய ஆதாரம். கையெழுத்துப் பிரதி இருப்பது இங்கிலாந்தில், ஒக்ஸ்ஃபோர்டில். கேட்டுப் பழகின கதைதான்.

இறங்குவது ரொஸ் கோட்டையடியில். பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டை. அதை ஆண்ட ஓ டொனஹூ ஏரிக்குள் பாய்ந்துவிட்டான், ஏழு வருசத்துக்கு ஒருக்கால் மே மாத முதல் நாள் விடியற்காலையில் வெள்ளைக் குதிரையில் எழும்பி வருவான் என்று வள்ளக்காரர் சொன்னார். எங்கள் குளக்கட்டுகளில் ஐயனாரும் குதிரையில்தான் சாமத்தில் சுற்றுகிறார் என்று நான் சொன்னேன். எங்கள் ஆள் ஒவ்வொரு இரவும் வருகிறார், ஏழு வருசம் காக்க வேண்டியதில்லை. இன்னொரு கதையும் சொன்னார். இங்கிலாந்திலிருந்து குரொம்வெலின் படை வந்தபோது மன்ஸ்ரர் மாகாணத்தில் கடைசிவரை நின்ற கோட்டை இது. ஏரியில் கப்பல் வந்தால்தான் விழும் என்று ஒரு வாக்கு இருந்ததாம். 1652 இல் ஏரிக்குள் படகைக் கொண்டுவந்து இறக்கினார்கள், கோட்டைக்காரர் கண்டதும் சரணடைந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சனத்துக்கு என்ன நடந்தது என்று மனிசி கேட்கச் சொன்னா. காணியெல்லாம் கைமாறினது என்றார் வள்ளக்காரர்.

இரண்டாவது புள்ளி வெட்டினது விளக்கத்துக்கு. வள்ளக்காரரின் ஆங்கிலம் பாட்டுப் போல் இழுபடுகிறது, என்ஜின் இரைச்சலில் பாதி காற்றோடு போய்விடும். முன் வாங்கில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. பின்னால், அவருக்குக் கிட்ட இடம் பிடியுங்கள். ஒரு சின்னக் கடதாசியில் ஏரியின் படத்தையும் நாலு வரியையும் அச்சடித்துக் கையில் தந்தால் அவர்களுக்கு என்ன குறைந்துபோகும்?

டப்ளினிலிருந்து அவ்வளவு தூரம் போக ஏலாதவர்களுக்கு விக்லோ மலையில் கிளென்டலொக் இருக்கிறது. ஐம்பது கிலோமீற்றர் மட்டில்தான். இரண்டு ஏரி, ஆறாம் நூற்றாண்டுக் கெவின் துறவியின் மடம், முப்பது மீற்றர் உயர வட்டக் கோபுரம். மேல் ஏரிக்கு மேலால் மலை விளிம்பில் மரக்கட்டை பதித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். நல்லூர்த் தேருக்கு வந்த சனம் மாதிரி ஞாயிற்றுக்கிழமை நெரிசல். கார் நிறுத்த இடம் தேடியே அரைநாள் போய்விடும். கிழமை நாளில் போனால் ஏழு புள்ளி, ஞாயிறு என்றால் நாலு.

ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் இரணைமடுக் கட்டில் நின்று யோசித்தேன். மாலையில் காற்று வாங்க வருகிற சனம், கச்சான் விற்கிற அம்மா, கனகாம்பிகை அம்மன் கோவில் மணி, மேற்கே சூரியன், எல்லாம் இருக்கிறது. இங்கே சுற்றுலாவுக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு எழும்பினால் உடனே ஹோட்டல், நீச்சல் தடாகம், வளைவு, பெயர்ப்பலகை என்றுதான் போகிறது. கில்லார்னியில் நான் கண்டது வேறு. நாங்கள் போன வழியில் ஏரியோரத்தில் புதிதாக ஒன்றும் கட்டியிருக்கக் காணவில்லை. பன்னிரண்டு அங்கி, ஒரு வள்ளம், தண்ணீர் தெரிந்த ஒரு ஆள், பூட்டாத ஒரு மலசலகூடம், அவ்வளவுதான் சரக்கு. எங்கள் மீன்பிடிச் சங்கத்துப் பெடியளுக்குக் குளத்தின் ஒவ்வொரு பட்ட மரமும் எந்த அடியில் முட்டும் என்று தெரியும். அவர்களிடம் அங்கிகளைக் கொடுத்து, விலையை ஒரு பலகையில் எழுதி வைத்தால் நான் முதல் ஆளாக ஏறுவேன். மாரியில் வான் பாய்கிற நேரத்தில் மட்டும் வேண்டாம். 2018 மார்கழியில் அந்தத் தண்ணீர் என்ன செய்தது என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். பிரான்சுக்கோ சுவிசுக்கோ எடுத்த ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். வள்ளத்துக்கு நல்ல காலம் கோடை. அப்போதும் மழைக்கோட்டு இல்லாமல் போக வேண்டாம், குடை காற்றில் நிற்காது. செருப்பு சரிவராது, சப்பாத்துப் போடுங்கள். காற்றில்லாத பின்னேரங்களில் நுளம்பிலும் சின்னதாய் ஒரு பூச்சி கூட்டமாய் வந்து கடிக்கும், நாங்கள் சித்தாலேப பூசிச் சமாளித்தோம். குதிரை வண்டிக்குக் கையில் காசு வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை விரதகாரர் வீட்டிலேயே இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போவது புத்தி. லோர்ட் பிராண்டன் குடிலின் வாங்கில் இருந்து பொதியை அவிழ்த்தபோது ஒருவரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஜேர்மன்காரருக்கும் ஒரு பங்கு கொடுத்தோம், சம்பல் கொஞ்சம் உறைப்பென்றார்.